தோமியே யார் பக்கம்?

கேள்வி: 1855-இல் பிரெஞ்சு ஓவியர் தோமியே வரைந்த ஒரு கேலிச்சித்திரத்தை வகுப்பில் காட்டினார்கள். உடம்பில் துணியில்லாத ஒரு கிழவரும், மரச்செருப்பு போட்ட ஒரு குண்டு ஆளும் சண்டைக்கு நிற்கிறார்கள். இதில் தோமியே யார் பக்கம்? இப்படிப்பட்ட கேலியால் கலைக்கு என்ன பயன்?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: படத்தை மறுபடி எடுத்து, முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். கிழவரின் ஈட்டி, ஓவியர்கள் கையைத் தாங்கிப் பிடிக்க வைத்திருக்கும் கோல். கேடயம், வண்ணத்தட்டு. தலையில் கிரேக்கத் தலைக்கவசம், மூக்கில் கண்ணாடி. அந்த நிலைகூட, பிரெஞ்சு ஓவியர் தாவீதின் ‘சபீனியப் பெண்கள்’ ஓவியத்தில் ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ் நிற்கும் நிலைதான். இந்தக் கிழவர்தான் இலட்சியவாதி, அதாவது பழங்கால வீரர்களைக் குறையில்லாத அழகோடு வரையும் கட்சி. அவர் தன் சொந்தக் குருவின் ஓவியத்திலிருந்தே கடன் வாங்கி நிற்கிறார்! எதிரே நிற்கும் குண்டு ஆள் யதார்த்தவாதி, கண்ணெதிரே உள்ள சாதாரண வாழ்க்கையை அப்படியே வரையும் கட்சி. கட்டம் போட்ட கால்சட்டை, கையில் சுவருக்குச் சாயம் அடிக்கும் பெரிய பிரஷ்.

இந்தப் படம் ‘ஷரிவாரி’ என்ற பாரிஸ் கேலிப் பத்திரிகையில் வந்தது ஏப்ரலில். அந்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் நடுவர்கள் யதார்த்தவாத ஓவியர் கூர்பேயின் முக்கியமான பெரிய படங்களை ஏற்கவில்லை. ஜூனில் அவர் ‘ரியலிசம்’ (யதார்த்தவாதம்) என்று பெயர் வைத்துத் தனிக் கண்காட்சிக் கூடமே போட்டார். சண்டை அவ்வளவு சூடாக இருந்த நேரம்.

தோமியேவின் சொந்த ஓவியங்களில் துணி துவைக்கும் பெண்களும் மூன்றாம் வகுப்பு ரயில்பெட்டிப் பயணிகளும்தான் வருகிறார்கள். மனத்தளவில் அவர் யதார்த்தவாதிகளுக்கு நெருக்கமானவர் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் குண்டு ஆளை அவர் விட்டுவைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். அரசன் லூயி பிலிப்பைக் கேலி செய்து 1832-இல் சிறைக்குப் போனவர், தன் பக்கத்து ஆட்களைக் கேலி செய்யத் தயங்குவாரா?

சரி, பயன் என்ன என்று கேட்டீர்கள். எல்லாக் கேலியாலும் பயன் இல்லை. அதே பத்திரிகையில் 1877-இல் ஷாம் என்பவர் ஒரு படம் போட்டார். ஒரு கணத்தில் கண்ணில் படும் ஒளியையும் வண்ணத்தையும் வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி வாசலில், கர்ப்பிணிப் பெண்ணை உள்ளே போகவிடாமல் போலீஸ்காரர் தடுக்கிறார். சிரிப்பு வரும். ஆனால் அவர்களில் ஒருவரான மோனே எப்படி வண்ணம் வைத்தார், அது ஏன் பலரை உறுத்தியது என்று அந்தப் படத்திலிருந்து எதுவும் தெரியாது. பிடிக்காத எந்தக் கண்காட்சி வாசலிலும் அதை மாட்டலாம். தோமியேவின் படத்தை அப்படி இடம் மாற்ற முடியாது. இரண்டு கூட்டமும் எதைப் பார்த்து வரைகிறது, எதைக் கொண்டு வரைகிறது என்பது அந்த ஒரே தாளில் இருக்கிறது. அவர் தானும் பிரஷ் பிடித்தவர், அதனால்தான் அது முடிந்தது.

உங்கள் கல்லூரியிலும் இப்படிக் கட்சிகள் இருக்கும். வரைய ஆசையிருந்தால் முதலில் உங்கள் கட்சிக்காரரை வரையுங்கள். அவர் கையில் என்ன இருக்கிறது என்பதில் தொடங்குங்கள்.