கொடியில் ஏறிய சிங்கி இறால்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கும்போது ஒரு கொடியைப் பார்த்தேன். நீலத் துணி, மூலையில் பிரிட்டன் கொடி, வலப்பக்கம் ஒரு கேடயத்தை இரண்டு இறால்கள் தாங்கி நிற்கின்றன. இது எந்த நாடு?
(கல்லூரி மாணவி, ஊட்டி)

பதில்: தனி நாடு இல்லை. டிரிஸ்டன் டா குன்யா என்ற தீவு, செயின்ட் ஹெலினா, அசென்ஷன் தீவுகளோடு சேர்த்து பிரிட்டனின் ஆட்சியில் இருக்கிறது. தென் அட்லாண்டிக் கடலில், கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கி.மீ. தள்ளி. விமான நிலையம் கிடையாது, கப்பலில் போனால் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மொத்த ஜனமே 250 பேர் அளவில்தான். செயின்ட் ஹெலினாவின் கொடியையே ஏற்றிவந்த அவர்களுக்கு 2002 அக்டோபர் 20-ல்தான் சொந்தக் கொடி கிடைத்தது. வரைந்தவர் கொடி ஆய்வாளர் கிரஹாம் பார்ட்ரம்.

நீங்கள் பார்த்தது சிங்கி இறால். ராமேஸ்வரம், கன்னியாகுமரிப் பக்கம் பிடிபடுகிறதே, அதேபோலப் பெரிய கொடுக்கு இல்லாத வகை. அரசச் சின்னங்களில் சிங்கமும் குதிரையும் நிற்கிற இடத்தில் இதை நிறுத்தியிருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அந்தத் தீவுக்குக் காசு வருவதே இதை ஏற்றுமதி செய்துதான். கடல் அடங்கியிருக்கும் காலையில் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி தட்டி ஒலி எழுப்புவார்கள், அன்று மீன்பிடி நாள் என்று அர்த்தம், உடனே படகுகள் இறங்கிவிடும். கேடயத்தில் இருக்கும் நான்கு பறவைகள் மஞ்சள் மூக்கு அல்பட்ராஸ். அட்லாண்டிக்கில் வாழும் அந்த இனம் டிரிஸ்டனையும் அதைச் சார்ந்த தீவுகளையும் விட்டால் வேறெங்கும் குஞ்சு பொரிப்பதில்லை. உச்சியில் கடற்படை மகுடம், அதற்கும் மேலே ஒரு படகு. மரம் அரிதான தீவு என்பதால் மரச்சட்டத்தின் மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டிச் செய்த நீளப் படகு அது. அதில்தான் 30 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிற நைட்டிங்கேல் தீவுக்குப் போய்ப் பறவை முட்டையும் எருவும் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: அங்கேயும் உருளைக்கிழங்குதான் முக்கியப் பயிர் என்று படித்தேன். பிறகு ஏன் கொடியில் அது இல்லை?
(விவசாயி, கேத்தி)

பதில்: கேத்திக்காரர் கேட்க வேண்டிய கேள்வி! ஆமாம், ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கல் சுவர் கட்டிய சின்னச் சின்னப் பாத்திகளில் ஒவ்வொரு குடும்பமும் கிழங்கு போடுகிறது. நம் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது, அவர்களுடையது வீட்டுக்குத்தான். ஒரு காலத்தில் அங்கே பணப் புழக்கம் இல்லாமல் கிழங்கே காசாக இருந்தது. 1946-ல் தங்களுக்கென்று தபால்தலை கேட்டு மாதிரி ஒன்று அச்சடித்தபோது, விலை ஒரு பென்னி என்றும் நாலு உருளைக்கிழங்கு என்றும் சேர்த்தே போட்டார்கள். அப்படிப்பட்ட கிழங்குக்குக் கொடியில் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். வெளியே விற்றுப் பணம் தருகிற பொருள் ஏறிவிட்டது, வயிற்றை நிரப்புவது விட்டுப்போனது. நீலகிரிக்கு யாராவது கொடி வரைந்தாலும் தேயிலைக் கொழுந்தும் வரையாடும் வந்துவிடும், கிழங்கையும் கேரட்டையும் நாம்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: கொடியின் அடியில் ‘எங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்’ என்று இருக்கிறதாமே, மத வாசகமா?
(வாசகி, குன்னூர்)

பதில்: அவர்கள் கிறிஸ்தவர்கள், அந்தப் பொருளும் உண்டு. ஆனால் 1961-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்து அத்தனை பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலை, மின்சாரம், கடைகண்ணி எல்லாம் இருந்தது. திரும்பிப் போகலாமா என்று ஓட்டெடுத்தபோது போகலாம் என்று 148 பேர், வேண்டாம் என்று 5 பேர். 1963-ல் பெரும்பாலானவர்கள் திரும்பிவிட்டார்கள். அந்த மண்மேல் வைத்த நம்பிக்கையும் அந்த வரியில் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு நுணுக்கமாக வரைந்தால் தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?
(ஆசிரியர், கோத்தகிரி)

பதில்: தெரியாது. கம்பத்தில் பறக்கும்போது நீலத்தில் ஒரு சின்னப் பொட்டுதான். பிரிட்டனின் பல தீவுகளுக்கு இதே குறை, எல்லாம் ஒரே நீலத் துணி, சின்னம்தான் மாறும். பாக்லாந்துக்குச் செம்மறிக் கடா, பிட்கெய்னுக்கு பவுண்டி கப்பலின் நங்கூரமும் பைபிளும், அவற்றுக்கு மேலே ஒரு தள்ளுவண்டியும். உங்கள் மாணவர்களுக்குக் காட்டுவதாக இருந்தால் கொடியைக் காட்டாதீர்கள், சின்னத்தை மட்டும் பெரிதாக அச்செடுத்துக் காட்டுங்கள்.