கேளுங்கள், சொல்கிறோம்: அயர்லாந்து ஏன் அடங்கவில்லை?

கேள்வி: கத்தோலிக்கர்களுக்கு உரிமை, நிலச் சட்டம் என்று பிரிட்டன் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டேதானே இருந்தது? அப்புறமும் ஐரிஷ்காரர்கள் ஏன் சமாதானமாகவில்லை? (வாசகர், கோவை)

பதில்: கொடுத்த லட்சணத்தைப் பாருங்கள். 1828-ல் கிளேர் இடைத்தேர்தலில் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் ஜெயித்தார், ஆனால் எம்.பி.க்களுக்கான உறுதிமொழியை எந்தக் கத்தோலிக்கரும் வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி எழுதி வைத்திருந்தார்கள். கலவரம் வெடிக்குமோ என்று மிரண்டுபோன அரசு மறு வருஷமே தடையை நீக்கியது. நீக்கிய கையோடு, அவருக்கு ஓட்டுப் போட்ட சின்னக் குடியானவர்களின் ஓட்டைப் பறித்தது! 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு மதிப்புள்ள நிலம் இருந்தால் ஓட்டு என்றிருந்ததை 10 பவுண்டு ஆக்கிவிட்டார்கள்.

தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற சபை வரியின் கதை இன்னும் மோசம். ஜனங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், வரி கட்டுவதோ ஆங்கிலிகன் சபைக்கு. 1830-களில் கட்ட மாட்டோம் என்று கிளம்பினார்கள், மாடுகளை ஜப்தி செய்ய போலீஸ் வந்தது, பல இடங்களில் ரத்தம் சிந்தியது. 1838-ல் ஒரு 'தீர்வு' வந்தது: இனி குடியானவன் கட்ட வேண்டாம், நிலச்சுவான்தார் கட்டட்டும். அவர் என்ன சொந்தப் பணத்திலா கட்டுவார்? குத்தகையில் ஏற்றிவிட்டார். அந்தச் சபையின் அரசு அந்தஸ்தை எடுக்கும் சட்டம் 1869-ல்தான் வந்தது. அதற்குள் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்திருந்தார்கள்.

பிரதமர் கிளாட்ஸ்டனின் 1881 நிலச் சட்டம் உருப்படியானது, மறுக்கவில்லை. குத்தகையை நியாயமாக நிர்ணயிக்க நீதிமன்றமே வந்தது. ஆனால் குத்தகை பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அதில் பிரயோஜனமில்லை, மோசமான விளைச்சலுக்குப் பிறகு பாக்கி இல்லாதவன் யார்? விசாரணையே இல்லாமல் பிடித்து உள்ளே போடும் சட்டமும் அதே வருஷம்தான் வந்தது. ஐரிஷ் தலைவர் பார்னெல் (அவரே ஒரு புராட்டஸ்டண்ட் நிலச்சுவான்தார் என்பது வேடிக்கை) அந்தச் சட்டத்தில்தான் டப்ளினின் கில்மைனம் சிறைக்குப் போனார். 1882-ல் உள்ளே இருந்தவரோடே பேரம் பேசி, பாக்கிக்கு வழி செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டு வெளியே விட்டார்கள். போராடினால்தான் கிடைக்கும் என்பதை அரசே திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தது என்றுதான் சொல்வேன்.

கேள்வி: நிலமே சொந்தமான பிறகும் தனி ஆட்சி எதற்கு? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: லண்டனில் கன்சர்வேடிவ்காரர்களும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். 1903-ன் விண்டம் சட்டப்படி அரசே கடன் கொடுத்து, நிலச்சுவான்தாருக்கு 12 சதவீத போனஸும் கொடுத்து, நிலத்தைக் குடியானவன் பேருக்கு மாற்றியது. தவணை 68½ வருஷம். நிலப் பிரச்சனை பெருமளவு தீர்ந்தது, தன்னாட்சி (ஹோம் ரூல்) ஆசை தீரவில்லை. தன்னாட்சி மசோதா 1886-ல் மக்களவையிலேயே தோற்றது, 1893-ல் பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்று தூக்கி எறிந்தது, 1914-ல் ஒருவழியாகச் சட்டமாகியும் உலகப்போர் முடியட்டும் என்று கிடப்பில் போட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் ஆயுதமேந்திய 1916 ஈஸ்டர் எழுச்சியை அப்போது டப்ளின்வாசிகள் பலரே திட்டினார்கள். காயம்பட்டு நிற்க முடியாத எழுச்சித் தலைவர் ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள், ஜனங்கள் மனசு மாறிவிட்டது. 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில், தனிநாடு கேட்ட சின் ஃபெய்ன் கட்சிக்கு 73.

கேள்வி: அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கம் அங்கிருந்து வந்ததா? (மாணவர், சென்னை)

பதில்: ஆமாம், பெயரும் பாணியும் அங்கிருந்துதான். அவர் லண்டனில் பிறந்த ஐரிஷ் வம்சாவளி. 1916 செப்டம்பரில் சென்னையில் லீக்கைத் தொடங்கினார். 1917 ஜூனில் மெட்ராஸ் அரசு அவரைக் காவலில் வைக்க, ஊட்டிக்குப் போனார். செப்டம்பரில் விட்டார்கள், டிசம்பரில் காங்கிரஸ் தலைவராகிவிட்டார்.