அறிக்கையில் சிவப்புப் புள்ளி வந்தால் மகளை ஓடாதே என்பதா?

கேள்வி: என் மனைவிக்குப் பல ஆண்டுகளாக முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். அது மகளுக்கும் வருமோ என்ற பயத்தில் அவளுடைய எச்சில் மாதிரியை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். ‘ஆபத்து மூன்று மடங்கு’ என்று சிவப்புப் புள்ளியோடு அறிக்கை வந்திருக்கிறது. அவளுக்கு 15 வயது, ஓட்டப்பந்தய வீராங்கனை. மூட்டுகளைக் காப்பாற்ற ஓட்டத்தை இப்போதே நிறுத்திவிடலாமா? என் பக்கத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை. 20 வருடமாகப் புகைக்கும் எனக்கே ஒன்றும் வரவில்லை. தாய்வழியில் வந்தது என்றுதானே அர்த்தம்? இத்தனை காலம் மரபணு ஆராய்ச்சி செய்து என்னதான் கண்டார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நிறுத்தாதீர்கள். ஓடுவதால் முடக்குவாதம் வருவதில்லை, ஓடாமல் இருந்தால் அது தடுக்கப்படுவதுமில்லை. மூட்டுத் தேய்மானத்தையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். இது உடலின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய்.

அடுத்து அந்த ‘மூன்று மடங்கு’. எதைப் போல மூன்று மடங்கு என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் முடக்குவாதம் இருக்கிறது. அது மும்மடங்கானால் நூற்றுக்கு மூவர். பெண்களுக்கு இது அதிகம் வரும் என்பதைச் சேர்த்து, ஆயுள் முழுவதற்கும் கணக்குப் போட்டாலும், உங்கள் மகளைப் போன்ற பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இந்த நோய் வராது. அந்த ஒன்பது பேரைப் பற்றிச் சிவப்புப் புள்ளி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இன்னும் வலுவான சான்று இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு அச்சு அசலாக ஒன்றே. பிரிட்டனில் இவர்களை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட முடிவு: ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது சுமார் 15 சதவீதம் பேருக்கே. முழு மரபணுத் தொகுப்பும் ஒன்றாக இருந்தும் 85 சதவீதம் பேர் தப்பியிருக்கிறார்கள். எச்சிலிலிருந்து எடுத்த மரபணுத் தொகுப்பில் சில நூறு இடங்களையோ சில ஆயிரம் இடங்களையோ பார்த்துத் தரும் கணிப்பு இதைவிட அதிகமாக என்ன சொல்லிவிட முடியும்? ‘60 சதவீதம் பரம்பரை’ என்று வேறொரு கணக்கும் அடிபடுகிறது. அது ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்ற மதிப்பீடு. உங்கள் மகளுக்கு 60 சதவீத வாய்ப்பு என்று தயவுசெய்து படிக்காதீர்கள்.

ஆராய்ச்சியில் என்ன கண்டார்கள் என்று கேட்டீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களைப் பற்றிய பதிலும் அதற்குள் இருக்கிறது.

1970-களில் ஆய்வாளர் பீட்டர் ஸ்டாஸ்ட்னி, முடக்குவாத நோயாளிகளிடம் டிஆர்4 என்ற திசு வகை அதிகம் தென்படுவதைக் கவனித்தார். 1987-ல் பீட்டர் கிரெகர்சனும் சகாக்களும் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். இந்தத் திசு வகையைத் தீர்மானிப்பது ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணு. அதற்குப் பல வடிவங்கள் உண்டு. நோயோடு தொடர்புள்ள வடிவங்கள் உருவாக்கும் புரதத்தில் 70-வது இடம் முதல் 74-வது இடம் வரையுள்ள ஐந்து அமினோ அமிலங்கள் (புரதம் என்ற சங்கிலியின் கண்ணிகள்) கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. அந்தப் புரதத்தின் வேலை, புரதத் துணுக்குகளைத் தன் பள்ளத்தில் ஏந்தி எதிர்ப்பு செல்களுக்குக் காட்டுவது. இந்த வடிவங்களில் பள்ளத்தின் ஒரு குழி நேர்மின்னூட்டம் கொண்டது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் நேர்மின்னூட்டம் உள்ளது, ஆகவே குழி அதைத் தள்ளிவிடும். ஆர்ஜினின், சிட்ருலின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாறிவிட்டாலோ மின்னூட்டம் போய்விடும். துணுக்கு அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். எதிர்ப்பு செல்கள் அதை அந்நியன் என்று நினைத்துப் படை திரட்டும்.

சரி, ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுவதை எது தூண்டுகிறது? நுரையீரலில் சிகரெட் புகை. ஸ்வீடனில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். இந்த மரபணு வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்று, புகைக்கவும் செய்தவர்களுக்கு, சிட்ருலின் கொண்ட புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ள வகை முடக்குவாதம் வரும் ஆபத்து, வடிவமும் இல்லாமல் புகைக்காமலும் இருந்தவர்களைவிட 21 மடங்கு. நீங்கள் பயந்த மூன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாய்வழி என்று எழுதினீர்கள். மகளின் மரபணுவில் பாதி உங்களுடையது. நோயே வராமல் இந்த வடிவத்தைச் சுமப்பவர்கள் ஏராளம். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். உங்களுக்கு நோய் இல்லை என்பது அவளுக்கு நீங்கள் எதையும் கொடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. சிறுவயதில் வீட்டில் பெற்றோரின் புகையைச் சுவாசித்தவர்களுக்குப் பின்னாளில் ஆபத்து கூடலாம் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. உங்கள் வீட்டில் மாற்றக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது, அது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஏற்கெனவே வலியோடு வாழும் மனைவிமேல் பழியையும் ஏற்றாதீர்கள்.

அறிக்கை தந்த நிறுவனத்திடம் இன்னொன்றையும் கேளுங்கள்: கணிப்பு எந்த மக்களின் தரவிலிருந்து வந்தது? ஐரோப்பியரிடம் இந்த நோயோடு தெளிவாகத் தொடர்புபட்ட பிடிபிஎன்22 மரபணு மாற்றம் கிழக்கு ஆசியரிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஓர் இனத்தாரிடம் எடுத்த கணக்கு இன்னோர் இனத்தாருக்கு அப்படியே பொருந்தாது.

அப்படியானால் ஆராய்ச்சி வீணா? இல்லவே இல்லை. 2014-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை ஒப்பிட்டு, இந்த நோயோடு தொடர்புள்ள 101 இடங்களைக் குறித்தார்கள். ஏற்கெனவே பயன்பாட்டிலிருக்கும் முடக்குவாத மருந்துகள் சில தாக்கும் இலக்குகளும் அவற்றில் இருந்தன. புதிய மருந்தை எங்கே தேடுவது என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. ஆனால் இது நோயைப் பற்றிய அறிவு. தனி ஒருத்தியின் எதிர்காலத்தைச் சொல்ல இது இன்னும் தகுதி பெறவில்லை. நோயை வருமுன் தடுக்க முடியுமா என்று பார்த்து, 2024-ல் முடிவு வெளியான ஒரு சோதனையில், நோய் இன்னும் வராத, ஆனால் வரும் ஆபத்தில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, எதிர்ப்பு சக்தியின் வேகத்தைக் குறைக்கும் அபடாசெப்ட் ஊசியை ஓராண்டு போட்டார்கள். ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கும், வெற்று ஊசி பெற்றவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. ஊசியை நிறுத்தி இன்னோர் ஆண்டு போனதும் அது 25-ம் 37-மாக நெருங்கிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. ரத்தத்தில் எதிர்ப்பொருளும் மூட்டில் வலியும் உள்ளவர்களையே சேர்த்தார்கள். மரபணு அறிக்கையை வைத்து யாரையும் அழைக்கவில்லை.

உங்கள் மகளுக்கு வலியோ வீக்கமோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படி எதுவும் இல்லையென்றால், இந்தச் சோதனையே அவளுக்குத் தேவைப்படவில்லை. பெரியவளானபின் தெரிந்துகொள்ள விரும்புகிறாளா என்று அவளே முடிவு செய்திருக்க வேண்டிய விஷயத்தை நீங்கள் முந்திக்கொண்டு தீர்த்துவிட்டீர்கள். அவளுக்கு அறிக்கை பற்றித் தெரியும் என்றால், பத்தில் ஒன்பது என்ற கணக்கையும் உட்கார்ந்து விளக்குங்கள். எப்போதாவது விரல் கணுக்களிலோ மணிக்கட்டிலோ பாதத்தின் முன்பகுதியிலோ வீக்கம் வந்து சில வாரங்கள் வடியாமல் இருந்தாலோ, காலையில் எழுந்தபின் கை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டுவாத நிபுணரிடம் உடனே காட்டுங்கள். தொடங்கிய சில மாதங்களுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் மூட்டு சிதையாமல் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் மனைவிக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே இந்த அறிக்கையையும் ஒருமுறை காட்டிப் பேசிவிடுங்கள்.