லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பக்கம் புல் விதை தின்னும் கறுப்புத் தொண்டைக் குருவி எது?

இலங்கையின் நுவரெலியாவில் தேயிலை மலை ஓரமாகக் கூட்டமாக வந்து புல் விதை தின்னும், முகமும் தொண்டையும் கறுத்த குருவி எதென்று கேட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் கருந்தொண்டைச் சில்லைதான். கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் நீளம், முதுகு கரும்பழுப்பு, வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப் புள்ளிகள். இந்த வயிற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே இனம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, ஆனால் அங்கே வயிறு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, புள்ளி இருக்காது.

சாப்பிடுகிற விதம் அவ்வளவு அழகு. மெல்லிய புல் தண்டு வளைய வளையத் தொற்றிக்கொண்டு கதிரிலிருந்து விதையைப் பறித்து, தடித்த கூம்பு அலகுக்குள் உருட்டி உமியைக் கழித்துவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். கூடு புல்லால் ஆன பெரிய உருண்டை, வாசல் பக்கவாட்டில்.

1863இல் பறவை ஆய்வாளர் ஜெர்டன் இதை அறிவியலுக்கு விவரித்தபோது, இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட்டின் பெயரை வைத்தார்.

அப்புறம் ஒன்று: தோட்டத்து ஓரப் புல்லை முழுக்க மருந்தடித்துக் கருக்காதீர்கள், விதை முற்றும்வரை கொஞ்சமாவது விட்டுவையுங்கள், இவற்றின் சாப்பாடே அதுதான்.