பியரும் கசிப்பும் ஒன்றா?

கேள்வி: 17 வயது மகன் மேசன் வேலைக்குப் போகிறான். பின்னேரம் கசிப்பு (கள்ளச்சாராயம்) குடித்துவிட்டு வருகிறான். “டவுனில் வசதியான பிள்ளைகளும் பியர் குடிக்கிறார்கள்தானே” என்கிறார் கணவர். சரியா?
– ஒரு தாய், வவுணதீவு

பதில்: இல்லை, தங்கச்சி. 2000க்குப் பிறகு பல பணக்கார நாடுகளில் பதின்ம வயதினரின் குடி குறைந்திருக்கிறது. ஆனால் அங்கேயும், ஒரே அளவு குடித்தாலும் ஏழைக்குத்தான் நோயும் சாவும் அதிகம். டவுன் பிள்ளை விழுந்தால் தூக்கிவிட ஆளுண்டு. உங்கள் மகன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தால்? கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதோடு, இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் பியர் விற்பதும் குற்றம்தான். முதலில், கூலியோடு போத்தலும் கொடுக்கிறார்களா என்று மகனிடம் ஆறுதலாகக் கேளுங்கள். ஆமென்றால் அந்த மேசனிடம் இனி அனுப்பாதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கணவரையும் கூட்டிப் போங்கள்.