மணியார்டர் துண்டு

ஐயா,

கப்பர் சிங் நேகி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். இமயமலைப் பக்கம், கார்வால் மலையில் ஒரு விவசாயி வீட்டுப் பையன், தன் நாட்டை அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்காரனுக்காகத் தானே முன்வந்து போருக்குப் போய் பிரான்சில் செத்தான். விக்டோரியா கிராஸ் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக அவனை வீரன் என்று கொண்டாடுவதா? இது அடிமைப் புத்தி இல்லையா? (என் தாத்தாவும் பட்டாளத்துக்காரர்தான். அது வேறு.)

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

வீரனா, அடிமையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. அந்தப் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்பதும் இருக்கட்டும். ‘தானே முன்வந்து போருக்குப் போய்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

தேதியைப் பாருங்கள் தம்பி. கார்வால் ரைஃபிள்ஸில் அவன் சேர்ந்தது 1913 அக்டோபரில். முதல் உலகப் போர் மூண்டது 1914 ஆகஸ்டில். எந்தப் போருக்கு முன்வந்தான்? சம்பளத்துக்குச் சேர்ந்தான். சிப்பாய்க்கு அப்போது மாதம் 11 ரூபாய். அவன் ஊர் மஞ்சூட், சம்பா பக்கம் (நம் நெல்லின் பெயரேதான், ஆனால் இது டெஹ்ரி மலையில்). அந்த மலைகளில் வயல் என்பது சரிவில் வெட்டிய படிக்கட்டு. ஏர் திரும்ப இடம் இருக்காது. கேழ்வரகும் குதிரைவாலியும் போடுவார்கள். வருஷம் முழுக்கக் காணாது. வீட்டுக்கு ஒருவன் வெளியே போய்ப் பணம் அனுப்பினால்தான் அடுப்பு எரியும். அந்த மலைநாட்டின் பிழைப்புக்கே ‘மணியார்டர் பொருளாதாரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ‘முன்வந்தான்’ என்று எழுதக் கை வருகிறதா?

1915 மார்ச் 10, பிரான்சில் நெவ் ஷாப்பெல். ஜெர்மானியர் வெட்டியிருந்த பதுங்குகுழி நேராகப் போகாது. முடுக்கு முடுக்காகத் திரும்பும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் எவன் நிற்கிறான் என்று தெரியாது. ஒவ்வொரு முடுக்கிலும் முதல் ஆளாகத் திரும்பியவன் இவன். அங்கேயே செத்தான். இருபது வயது நிறைய ஆறு வாரம் பாக்கி. தனக்கென்று ஒரு கல்லறை இல்லை. அங்கே நினைவுச் சுவரில் இருக்கும் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்றாக இருக்கிறான். மனைவி சதூரி தேவி அந்தப் பதக்கத்தை உடுப்பில் குத்திக்கொண்டே 1981 வரை வாழ்ந்தார். அறுபத்தாறு வருஷம். அடிமைப் புத்தி என்பதை அந்த அம்மாளைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்களா?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு ஏது? அவர் வீட்டுக்காரர் 1971 டிசம்பர் போரில் செத்தவர். மணியார்டர் படிவத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, தபால்காரர் அந்தத் துண்டைக் கிழித்துக் கையில் தருவார். பெரியம்மா அத்தனையையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டிப் போட்டு வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். கடைசித் துண்டை எத்தனை தடவை படித்திருப்பேனோ. ‘கடலை மூட்டை என்ன விலை? அவசரப்பட்டு வித்துடாதே. செவலை ஈன்றதா?’ எல்லையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்து நம் சிப்பாய்கள் போட்ட கடிதங்களைத் தணிக்கைக்காரர்கள் மொழிபெயர்த்து வைத்தார்கள். அவற்றிலும் மாடு, வரப்பு, கடன் என்று நிறைய வருகிறது. செவலை கிடாரி போட்டிருந்தது என்பதைப் பெரியம்மா ஒவ்வொரு தடவையும் பாட்டிலைப் பார்த்துச் சொல்வார்.

நீங்கள் கேட்டது வேறு, தெரியும். ஆனால் உங்கள் தாத்தாவை அடைப்புக்குறிக்குள் போட்டு ‘அது வேறு’ என்று முடித்திருக்கிறீர்கள். எப்படி வேறு? அவர் சேர்ந்த வருஷம் வீட்டில் எத்தனை ஏக்கர் இருந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.