தபால் அக்கா பதில்கள்

கேள்வி: என் நாத்தனார் கனடாவில் இருக்கிறார். ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்மஸுக்கும்) வாழ்த்து அட்டைக்குள் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றும் வரும். புது வீடு, மகனின் பட்டமளிப்பு, மெக்சிகோ பயணம் என்று இரண்டு பக்கம். இந்த முறை "நீங்களும் எழுதுங்களேன்" என்கிறார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிற எங்களிடம் எழுத என்ன இருக்கிறது அக்கா? – ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, உங்கள் நாத்தனார் அனுப்புவது வெள்ளைக்காரர் வழக்கம். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் நத்தார் அட்டையை அச்சடித்து விற்றார். ஆயிரம் பிரதி, ஒன்று ஒரு ஷில்லிங். அட்டையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. அதனால் வருஷக் கதையைத் தனித்தாளில் எழுதிச் செருகும் பழக்கம் பிறகு வந்தது. போட்டோகொப்பி மெஷின் வந்தபின் ஒரே கடிதம் ஐம்பது வீட்டுக்குப் போனது. பெருமை கூடிப்போய், அங்கேயே அதைக் கேலி பண்ணுகிறவர்களும் நிறைய.

ஆனால் இது நமக்கும் புதிதல்ல. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழரான நம்மைப் பங்கு பிரித்தார்களே, அதற்குப் பிறகு டிசம்பர் வந்தால் எத்தனையோ லயங்களில் இதே வேலைதான். என் பெரியப்பா குடும்பம் 1973-இல் ஹட்டனில் ரயிலேறியது. தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. அடுத்த நத்தாரிலிருந்து கடிதம் எழுதுகிற வேலை என் தலையில். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

நீல நிற ஏரோகிராம். ஒரே தாள், மடித்து ஒட்டினால் அதுவே உறை. உள்ளே எதையும் வைக்கக் கூடாது. ஒரு வருஷத்தை அந்தத் தாளுக்குள் அடக்க வேண்டும். "கர்த்தருக்குள் பிரியமான அண்ணன், அண்ணி, பிள்ளைகளுக்கு ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது, இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்" என்று தொடங்குவதற்குள் நாலு வரி காலி! உபதேசியார் சொல்லிக் கொடுத்த தொடக்கம், விட முடியாது. அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டே சொல்வார்: "கறுப்பி கிடாரிக்கன்று போட்டிருக்குன்னு எழுது. மேக்கணக்குல (தோட்டத்தின் மேல் பிரிவில்) மூணாவது லயத்துக்குக் கூரைத் தகரம் மாத்தியாச்சுன்னு எழுது." தாள் முடிந்தால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதுவேன். பெரியப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் படித்திருப்பார். அப்பா கடைசியில் வந்து, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, ஒரு மூலையில் கையெழுத்து மட்டும் போடுவார்.

ஒரு வருஷம் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற ரோலரில் அப்பாவின் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போய்விட்டது. தோட்டத்தில் கொடுத்தது ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த செலவுக்குக்கூடக் காணாது. "அண்ணன் தூரத்துல இருந்துகிட்டு என்ன செய்வாரு, பயந்துடுவாரு" என்று அம்மா அதை எழுதவிடவில்லை. நல்ல செய்தியாகப் பொறுக்கி எழுதினோம். கையெழுத்தையும் அப்பா மாதிரியே நான் போட்டேன். தை மாதம் பதில் வந்தது. தொடக்கத்து நாலு வரியைக்கூடக் காணோம். "இது தம்பி கையெழுத்து இல்ல. அவனுக்கு என்ன ஆச்சு?" அவ்வளவுதான். மிச்சத் தாள் வெறுமையாக இருந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், மெக்சிகோவுக்குப் போட்டியாக எதையும் தேடாதீர்கள். நாத்தனார் பிறந்த லயம்தானே அது? பீலிக்கரையில் இப்போது தண்ணீர் வருகிறதா, அவர் படித்த பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பு நடக்கிறது, இந்த வருஷம் எந்தத் தேயிலை மலை காடாகிப் போனது, யார் கொழும்புக்கு வேலைக்குப் போனது, யார் செத்தது. இதெல்லாம் கனடாவில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கஷ்டத்தையும் எழுதுங்கள், புலம்பலாக இல்லாமல் சேதியாக. மாமியார் இருந்தால் அவர் வாயால் வருகிறதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பல வீட்டுக்குப் பிரதி எடுப்பதானால் அடியில் நாலு விரற்கடை இடம் விட்டு, அந்தந்த வீட்டுக்கு வேண்டியதைப் பேனாவால் எழுதுங்கள். முதலில் அதைத்தான் வாசிப்பார்கள்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு இலக்கம் இல்லை. வருகிற கடிதம் தோட்டக் கந்தோரிலேயே (அலுவலகத்திலேயே) கிடக்கிறது. போன நத்தார் அட்டை மாசிக்குத்தான் கைக்கு வந்தது. என்ன செய்வது? – ஒரு வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, தபாலகத்தில் வேலை பார்த்த முப்பது வருஷமும் நான் கேட்ட முறைப்பாடு இது. ஒரு கந்தோர் மேசை லாச்சியில் நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அட்டை பிந்தினால் மனக்கஷ்டம், அது பிந்தினால் ஒரு பிள்ளையின் வேலை. வீட்டுக்கு வீடு முகவரி வேண்டும் என்று தொழிற்சங்கத்திலும் பிரதேச செயலகத்திலும் விடாமல் கேளுங்கள். அதுவரை தோட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் மேற்கணக்கா கீழ்க்கணக்கா, எந்த லயம், தகப்பன் பெயர், தொலைபேசி எண் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். உங்கள் லயத்தில் மட்டும் மூன்று செல்வராஜ் இருப்பான்! டவுனில் தெரிந்த கடைக்காரர் சம்மதித்தால் அவர் மேற்பார்வைக்கு (c/o என்று அவர் முகவரி போட்டு) அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் போதாதா அக்கா? – ஒரு கல்லூரி மாணவி, பண்டாரவளை

பதில்: அனுப்பு மகள், குரல் கேட்க யாருக்குத்தான் ஆசையில்லை. ஆனால் போன் மாற்றும்போது அது போய்விடக்கூடும். பெரியப்பாவின் அந்த ஒற்றை வரிக் கடிதம் என் பைபிளுக்குள் இன்னும் இருக்கிறது. எழுதுவதானால் நவம்பர் பாதிக்குள் தபாலில் சேர்த்துவிடு. டிசம்பர் கூட்டத்தில் கவுண்டரில் நிற்கிறவர் பாவம்.